பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் இடது பக்கம் இழுக்கிறது: கிருஷ்ணகிரி, தருமபுரியில் நம்பி விடக்கூடிய பட்டறை உண்டா?

காவேரிப்பட்டணம்_110 | திங்கள், இரவு 9:40

வணக்கம். சிறு வயதிலேயே போலியோவால் இரண்டு கால்களும் பாதிக்கப்பட்டவன் நான். கிருஷ்ணகிரியில் ஒரு நகலகம் வைத்திருக்கிறேன். தினமும் காவேரிப்பட்டணத்திலிருந்து போய் வருவது 110 சிசி ஸ்கூட்டரில், இரு பக்கமும் இணைப்புச் சக்கரம் பொருத்தியது. ஊரில் எல்லோரும் இதை மூன்று சக்கர வண்டி என்றுதான் சொல்வார்கள். எண்ணிப் பார்த்தால் நான்கு. அந்தக் கணக்கை விட்டுவிடுவோம்.

வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கடந்த ஆறு மாதமாகப் பிடிவாதமாக இடது பக்கம் இழுக்கிறது. ஹேண்டிலை வலப்பக்கம் திருகிப் பிடித்துக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கிறது. வீட்டுக்குப் போனதும் வலது தோளில் வெந்நீர் ஒத்தடம். 35-ஐத் தாண்டினால் ஹேண்டில் நடுங்குகிறது. மூன்றாவது தொல்லைதான் பெரிது: பள்ளத்திலோ மணலிலோ இறங்கினால் பின்சக்கரம் அந்தரத்தில் சுற்றுகிறது, வண்டி நகர மறுக்கிறது. மாங்கூழ் ஆலை ஒன்றின் முன்னால் டிராக்டர்கள் வரிசையில் நின்றிருந்தபோது, சாலையோர மண்ணில் இப்படிச் சிக்கிக்கொண்டேன். வழியில் போன இருவர் இறங்கித் தள்ளிவிட்டார்கள்.

விற்பனையகத்தில் கேட்டால், "பக்கச் சக்கரம் எங்கள் பொருளல்ல, எஞ்சின் மட்டும்தான் பார்ப்போம்" என்கிறார்கள். சக்கரம் பொருத்திக் கொடுத்தவர்கள் இருப்பது வேறு மாவட்டத்தில், வண்டியை அங்கே கொண்டுவரச் சொல்கிறார்கள். இழுக்கிற வண்டியில் அவ்வளவு தூரம் எப்படிப் போவது என்றால் பதில் இல்லை. இங்கே மூன்று மெக்கானிக்குகளிடம் காட்டினேன். மூவரும் மூன்று காரணம் சொன்னார்கள், பணத்தை மட்டும் ஒரே மாதிரி வாங்கிக்கொண்டார்கள்.

இந்த வகை வண்டியைத் தெரிந்து பார்ப்பவர் யாராவது இருக்கிறார்களா?

பாலக்கோடு_தக்காளி | திங்கள், இரவு 10:05

அண்ணா, முதலில் காற்றைப் பாருங்கள். இடது சக்கரத்தில் குறைந்திருக்கும். நான்கிலும் நன்றாக ஏற்றிவிட்டால் சரியாகிவிடும். என் மாமாவின் வண்டிக்கு அப்படித்தான் சரியானது.

ஊத்தங்கரை_ஓட்டுநர் | திங்கள், இரவு 10:31

தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரு சக்கரத்துக்காகச் செய்த வண்டியில் இன்னும் இரண்டைக் கட்டித் தொங்கவிட்டால் இழுக்கத்தான் செய்யும். நம் சாலைகளும் மழைநீர் வடிவதற்காக இடது ஓரத்துக்குச் சரிவாகத்தான் இருக்கின்றன. சாயாத வண்டி சரிவின் பக்கம்தான் போகும். 30-க்கு மேல் போகாமல் ஓட்டினால் போதும். இதற்கெல்லாம் பட்டறை தேடி அலைய வேண்டுமா?

காவேரிப்பட்டணம்_110 | செவ்வாய், காலை 6:50

தக்காளித் தம்பி, காற்றை வாரம் ஒருமுறை பார்க்கிறேன். நன்றாக ஏற்றிப் பார்த்தபோது இழுப்பு அப்படியே இருந்தது, முதுகுதான் கூடுதலாக ஆடியது.

ஓட்டுநர் ஐயா, சாலைச் சரிவு முதல் மூன்றரை ஆண்டுகளும் அங்கேதான் இருந்தது. அப்போது ஒரு கையில் ஓட்டினேன். 30-இல் போகச் சொல்கிறீர்கள். தேசிய நெடுஞ்சாலை 44-இல் ஓரமாக 30-இல் போகிறவனைப் பின்னால் வரும் லாரிக்காரர் என்னென்ன சொல்லித் திட்டுவார் என்பது உங்களுக்கே தெரியும்.

பழைய_புல்லட் (ஓசூர்) | செவ்வாய், காலை 8:15

நான் மாற்றுத்திறனாளி அல்ல. பக்கப்பெட்டி (சைடுகார்) வைத்த பழைய புல்லட் ஒன்று பல ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். அதுதான் உண்மையான மூன்று சக்கரம். அதனால் உரிமையோடு இரண்டு வார்த்தை.

என் வண்டியில் பெட்டி இடப்பக்கம். வேகம் கொடுத்தால் பெட்டியின் எடை பின்தங்கி வண்டியை இடப்பக்கம் இழுக்கும். பிரேக் பிடித்தால் பெட்டிக்குப் பிரேக் கிடையாதே, அது முன்னால் ஓடப் பார்க்கும், வண்டி வலப்பக்கம் திரும்பும். இடது வளைவில் வேகமாகப் போனால் பெட்டியே தரையை விட்டு எழும். இதெல்லாம் பக்கப்பெட்டியின் குணம், குறையல்ல. ஆனால் ஒரே வேகத்தில் நேராக ஓடும்போது இடைவிடாமல் இழுத்தால் அது குறை. அப்போது சக்கரம் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அளக்க வேண்டும். கண்ணால் பார்த்துச் சொல்கிற மெக்கானிக்கை அன்றே விட்டுவிடுங்கள்.

காவேரிப்பட்டணத்தாரே, உங்களுடையது ஒரே வேகத்தில் ஓடும்போதும் இழுக்கிறதா? பிரேக் பிடித்தால் கூடுகிறதா, குறைகிறதா?

காவேரிப்பட்டணம்_110 | செவ்வாய், மதியம் 1:20

ஒரே வேகத்திலும் இழுக்கிறது. பிரேக் பிடித்தால் பெரிய மாற்றம் இல்லை. இன்று உங்கள் கேள்விக்காகக் கவனித்துப் பார்த்ததில் இன்னொன்று தெரிந்தது: இடது இணைப்புச் சக்கரத்தின் டயர் வெளிவிளிம்பில் மட்டும் மழுங்கியிருக்கிறது. வலது டயரில் பூ அப்படியே இருக்கிறது.

கடைசல்காரர் (தருமபுரி) | செவ்வாய், இரவு 9:10

இப்போதுதான் இழையைப் பார்த்தேன். எனக்குக் கடைசல் பட்டறை. டிராக்டர் டிரெய்லர், ஆட்டோ இவற்றுக்குப் புஷ் (அசையும் இணைப்பில் போல்ட்டைச் சுற்றி மாட்டும் குழல்) கடைந்து கொடுப்பது பிழைப்பு. இந்த மாதிரி ஸ்கூட்டர்கள் ஏழெட்டு என் கையில் வந்திருக்கின்றன.

டயரைப் பற்றிச் சொன்னீர்களே, அதுதான் முக்கியம். வெளிவிளிம்பு தேய்ந்தால் அந்தச் சக்கரத்தின் மூக்கு உள்பக்கம் திரும்பியிருக்கிறது என்று பொருள். இடது சக்கரம் வலப்பக்கம் பார்த்தபடி உருள்கிறது. அது பின்பகுதியை வலப்பக்கம் தள்ளுகிறது. பின்பகுதி வலப்பக்கம் போனால் வண்டியின் முகம் இடப்பக்கம் திரும்பும். பலர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு சக்கரத்தை இன்னும் உள்ளே திருப்பிவிடுவார்கள். உங்கள் மூன்று மெக்கானிக்குகளில் ஒருவர் அப்படிச் செய்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

பட்டறைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே அளந்துவிடுங்கள். செலவு ஐந்து ரூபாய் நூல். சமமான சிமென்ட் தரை வேண்டும். கொத்தனார் பிடிக்கிற நூலை முன்சக்கரம், பின்சக்கரம் இரண்டின் பக்கத்தையும் தொடும்படி, அச்சுக்குச் சற்றுக் கீழான உயரத்தில் இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். இரண்டு டயரும் ஒரே அகலம் என்றால் நூல் ஒவ்வொரு டயரையும் முன்னும் பின்னும் தொட வேண்டும். அதிலிருந்து இணைப்புச் சக்கரத்தின் ரிம் முன்விளிம்பு எவ்வளவு தூரம், பின்விளிம்பு எவ்வளவு தூரம் என்று டேப்பால் எடுங்கள். இரு பக்கமும்.

கவனியுங்கள், இரண்டு முறை எடுக்க வேண்டும். ஒருமுறை வண்டி காலியாக இருக்கும்போது. இன்னொருமுறை நீங்கள் ஏறி உட்கார்ந்திருக்கும்போது. முதல் அளவை யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள். இரண்டாவதை யாரும் எடுப்பதில்லை.

பின்சக்கரம் அந்தரத்தில் சுற்றுவதற்கு வேறு சோதனை. நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது பின்சக்கரம், இரு பக்கச் சக்கரம் ஆகிய மூன்றுக்கும் கீழே ஒரு துண்டுக் காகிதம் வைத்திருக்க வேண்டும், முன்னதாகவே அதன் மேல் வண்டியை ஏற்றிவிடுங்கள். பின்சக்கரத்துக் காகிதம் இழுத்தால் கிழிய வேண்டுமே தவிர நழுவக் கூடாது. பக்கச் சக்கரத்துக் காகிதங்கள் கொஞ்சம் முரண்டு பிடித்து வந்தால் சரி. பின்சக்கரத்துக் காகிதம் சுலபமாக வந்துவிட்டால் உங்கள் எடையைப் பக்கச் சக்கரங்கள் சுமக்கின்றன, பின்சக்கரம் சும்மா தொங்குகிறது என்று பொருள். பக்கச் சக்கரங்களுக்கு எஞ்சினும் இல்லை, பிரேக்கும் இல்லை. பின்சக்கரம் தரையை அழுத்தாவிட்டால் போகவும் முடியாது, ஒழுங்காக நிற்கவும் முடியாது.

அரூர்_அக்கா | செவ்வாய், இரவு 10:02

கடைசல்காரர் சொன்னதை அச்செடுத்து ஒவ்வொரு பட்டறைச் சுவரிலும் ஒட்ட வேண்டும்.

நான் பதினோரு ஆண்டுகளாக இந்த வகை வண்டி ஓட்டுகிறேன். பட்டறையில் நடப்பது என்ன? வண்டி உள்ளே போனதும் நம்மைத் தூக்கி ஒரு நாற்காலியில் உட்கார வைப்பார்கள். தேநீர் வரும். பிறகு என்ன பிரச்சினை என்று கூட வந்த தம்பியிடம் கேட்பார்கள். அவன் பத்தாம் வகுப்புப் படிக்கிறான், வண்டியே ஓட்டத் தெரியாது. ஓட்டுபவள் நான் என்று சொன்ன பிறகும் கண்கள் அவனிடமேதான் போகும். வண்டியை நேராக்கிவிட்டதாகச் சொல்லி அவர்களில் ஒருவர் ஏறி ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார். அவர் இரண்டு காலையும் கால் வைக்கும் தளத்தில் ஊன்றி, உடம்பை வளைத்து ஓட்டுவார். இடுப்புக்குக் கீழே பிடிமானம் இல்லாத என் எடை இருக்கையில் விழுவது வேறு மாதிரி. அவருக்கு நேராக ஓடிய வண்டி எனக்கு இழுக்கும்.

ஆகவே நல்ல பட்டறையை அடையாளம் காண எனக்கு ஒரே சோதனை: நம்மை வண்டியில் உட்கார வைத்து அளக்கிறார்களா? அவ்வளவுதான்.

ஊத்தங்கரை_ஓட்டுநர் | புதன், காலை 7:30

முந்தாநாள் நான் எழுதியது கொஞ்சம் அவசரம். பேருந்து ஓட்டுகிறவனுக்குப் பவர் ஸ்டியரிங் இருக்கிறது, தோள்வலி மறந்துவிடுகிறது.

ஒரு சந்தேகம். சக்கரத்தைக் கழற்றி வெல்டிங் வைத்தால் பதிவுச் சான்றிதழில் சிக்கல் வராதா? காப்பீட்டுக்காரர் கேட்பாரே?

அரூர்_அக்கா | புதன், காலை 9:12

ஏற்கெனவே பொருத்தியதைப் பழுதுபார்ப்பது வேறு, புதிதாக மாற்றி அமைப்பது வேறு. புஷ், பேரிங் மாற்றுவதற்கு யாரிடமும் அனுமதி வேண்டியதில்லை. ஆனால் வண்டி முதலில் மாற்றப்பட்டபோதே அந்த மாற்றம் பதிவுச் சான்றிதழில் ஏறியிருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. கடையில் பணம் கொடுத்துச் சக்கரம் மாட்டிக்கொண்டு, இரு சக்கர வண்டி என்ற பழைய பதிவோடே ஓடுகிற வண்டிகள் நம் பக்கம் நிறைய. விபத்து நடந்தால் அப்போதுதான் அந்த வரி கண்ணில் படும். டிஎன் 29 (தருமபுரி) என்றாலும் டிஎன் 24 (கிருஷ்ணகிரி) என்றாலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஒருமுறை நேரில் போய்ச் சரிபார்த்துவிடுங்கள். ஓட்டுநர் உரிமத்திலும் இந்த வகை இருக்க வேண்டும்.

1988-ஆம் ஆண்டுச் சட்டம் நம் வண்டிக்கு வைத்த பெயர் "இன்வேலிட் கேரியேஜ்". என் பழைய உரிமத்தில் அப்படியே அச்சாகியிருந்தது. ஆங்கிலத்தில் அந்த 'இன்வேலிட்' உடல் முடியாதவரையும் குறிக்கும், செல்லாததையும் குறிக்கும். செல்லாத நோட்டு மாதிரி செல்லாத ஆள் போலும் என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன். 2019 திருத்தத்துக்குப் பிறகு தேவைக்கேற்ப மாற்றியமைத்த வாகனம் என்ற பொருளில் பெயர் மாறியது.

காவேரிப்பட்டணம்_110 | புதன், இரவு 8:45

அளந்துவிட்டேன். பக்கத்து வீட்டுக் கொத்தனார்தான் நூல் பிடித்தார். "சுவருக்குப் பிடித்திருக்கிறேன், ஸ்கூட்டருக்கு இதுதான் முதல்முறை" என்றார்.

வலது சக்கரம், காலியாக: முன்விளிம்பு 31.2 செ.மீ., பின்விளிம்பு 31.3. நான் உட்கார்ந்தபோதும் கிட்டத்தட்ட அதேதான்.

இடது சக்கரம், காலியாக: முன் 31.1, பின் 31.4. நான் உட்கார்ந்தபோது முன் 30.1, பின் 31.4.

மூன்று முறை எடுத்தோம். உட்கார்ந்தால் ஒரு சென்டிமீட்டர் உள்ளே போகிறது, இறங்கினால் திரும்பி வந்துவிடுகிறது. மூன்று மெக்கானிக்குகளும் "அலைன்மென்ட் சரியாக இருக்கிறதே" என்று ஏன் சொன்னார்கள் என்பது இப்போது புரிகிறது. அவர்கள் பொய் சொல்லவில்லை. நான் நாற்காலியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

காகிதச் சோதனை: பின்சக்கரத்துக் காகிதம் வெண்ணெயில் வைத்த கத்தி போல வந்துவிட்டது.

கடைசல்காரர் | புதன், இரவு 9:30

நன்று. பாதி வேலை முடிந்தது.

இடது சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம் சட்டத்தோடு சேரும் இடத்தில் புஷ் செத்துவிட்டது. எடை ஏறும்போது ஆர்ம் முறுக்கிக்கொள்கிறது, சக்கரம் உள்ளே திரும்புகிறது. நீங்கள் எந்தப் பக்கமாக ஏறி இறங்குகிறீர்கள்? இடப்பக்கமாக இருக்கும். ஒவ்வொரு முறையும் மொத்த எடையும் ஒரு நொடி அந்த ஆர்மில் விழுகிறது. ஒரு நாளைக்கு எட்டுப் பத்து முறை, நான்கு ஆண்டுகள். இடது புஷ் முதலில் போவது நியாயம்தான்.

பொதுவாக இந்த வண்டிகளில் ரப்பர் புஷ் அல்லது நைலான் புஷ் போட்டிருப்பார்கள். கன்மெட்டலில் (செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம்) கடைந்து, கிரீஸ் அடிக்க ஒரு நிப்பிள் வைத்துக்கொள்ளுங்கள். போல்ட்டும் தேய்ந்திருக்கும், பழைய போல்ட்டில் புதுப் புஷ் போட்டால் மூன்று மாதத்தில் மறுபடி ஆடும். இரண்டையும் மாற்றுங்கள். வலப்பக்கமும் சேர்த்து.

நடுக்கத்துக்கு ஹேண்டில் கோன் செட்டை, அதாவது ஹேண்டில் திரும்பும் இடத்துப் பேரிங்கைப் பாருங்கள். ஆறு மாதம் ஒரே பக்கமாகத் திருகிப் பிடித்தால் அதில் பள்ளம் விழுந்துவிடும். ஆனால் புஷ் வேலை முடிந்த பிறகே அதைத் தொடுங்கள். முன்னரே மாற்றினால் புதியதும் வீணாகும்.

பாலக்கோடு_தக்காளி | புதன், இரவு 9:41

அண்ணா, அப்படியே பெரிய டயராகப் போட்டு, பக்கச் சக்கரங்களை இன்னும் அகலமாகத் தள்ளி வைத்துவிட்டால் கவிழாமல் இருக்குமே?

பழைய_புல்லட் | புதன், இரவு 9:58

அகலம் கூடினால் கவிழ்வது குறையும், உண்மை. ஆனால் சக்கரம் தள்ளிப் போகப் போக அதே ஆர்ம் மீது முறுக்கும் கூடும், தம்பி. இருக்கும் புஷ்ஷே தாங்கவில்லை. வீட்டு வாசலும் சந்தும் அகலமாகாது.

வளைவில் செய்ய வேண்டியது வேறு. இரு சக்கர வண்டி சாய்ந்து திரும்பும். இது சாயாது, எடை வெளிப்பக்கம் பாயும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, தோளையும் தலையையும் வளைவின் உள்பக்கம் சாய்க்க வேண்டும். முன்பு சாதாரண வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்குத்தான் இது கடினம். கை பழைய பழக்கத்தில் வேறு பக்கம் தள்ளும். தண்ணீர்க் குடம், சிலிண்டர் எதுவானாலும் கால் வைக்கும் தளத்தில் வையுங்கள், பின்னால் கட்ட வேண்டாம்.

காவேரிப்பட்டணம்_110 | ஞாயிறு, மாலை 6:20

தாமதத்துக்கு மன்னிக்கவும். நேற்று முழுநாளும் பட்டறையில் போயிற்று.

கடைசல்காரர் அண்ணனிடமே போக நினைத்தேன். "காவேரிப்பட்டணத்திலிருந்து தருமபுரி வரை அந்த வண்டியில் வர வேண்டாம்" என்று அவரே தடுத்துவிட்டு, கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் டிரெய்லர் செய்கிற ஒரு பட்டறையைக் கைகாட்டினார். பெயரைப் பொதுவில் போடவில்லை. தனிச்செய்தியில் கேட்பவர்களுக்குத் தருகிறேன். அங்கே ஒரு பெரியவரும் அவர் மகனும்தான் வேலை செய்கிறார்கள், நூறு பேர் ஒரே நாளில் போய் நின்றால் தாங்காது.

என் அளவுகளை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். பெரியவர் தாளைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் படித்தார். "உட்கார்ந்து எடுத்ததா?" என்றார். ஆமாம் என்றேன். அதன் பிறகு அவர் என்னிடம் மட்டுமே பேசினார், கூட வந்த மைத்துனரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மைத்துனருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

புஷ்ஷைக் கழற்றினார்கள். உருண்டையாக இருக்க வேண்டிய ஓட்டை முட்டை வடிவில் இருந்தது. போல்ட்டின் நடுவில் விரல் நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம். மகன் கன்மெட்டலில் புதிதாகக் கடைந்தார், இரு பக்கமும். பிறகு பக்கச் சக்கரங்களின் ஸ்பிரிங் உட்காரும் இடத்தில் யாரோ கூடுதலாக இரண்டிரண்டு வாஷர் போட்டிருந்ததைக் கண்டார்கள். வண்டி ஆடுகிறது என்று போன ஆண்டு நான் புகார் சொன்னபோது ஒரு பட்டறையில் செய்த "தீர்வு" அது. ஆட்டம் நின்றது, பின்சக்கரம் தொங்க ஆரம்பித்தது. எனக்குச் சொல்லவே இல்லை.

வாஷர்களை எடுத்துவிட்டு என்னை ஏற்றி உட்கார வைத்தார்கள். காகிதம் வைத்துப் பார்த்தார்கள். இறங்கினேன், திருத்தினார்கள், ஏறினேன். மொத்தம் ஆறு முறை. ஐந்தாவது முறை நானே போதும் என்றேன், பெரியவர் விடவில்லை. ஊன்றுகோல்களை அவற்றின் இடத்தில் மாட்டச் சொல்லி, என் கைப்பையையும் தொங்கவிடச் சொல்லிக் கடைசி அளவை எடுத்தார். உட்கார்ந்த நிலையில் இடது சக்கரம் இப்போது முன் 31.2, பின் 31.3.

செலவு புஷ், போல்ட், கூலி எல்லாம் சேர்த்து 2,350 ரூபாய். முந்தைய மூன்று பட்டறைகளில் கொடுத்தது இதைவிட அதிகம்.

ஓட்டிய முடிவு: இழுப்பு ஏறக்குறைய போய்விட்டது. சாலைச் சரிவு அதிகமுள்ள இடத்தில் லேசாக இருக்கிறது, ஓட்டுநர் ஐயா சொன்ன அளவுக்கு. மணலில் வேண்டுமென்றே இறக்கிப் பார்த்தேன், ஏறி வந்துவிட்டது. நடுக்கம் மட்டும் 40-க்கு மேல் மிச்சம் இருக்கிறது. கோன் செட் அடுத்த சனிக்கிழமை.

அரூர்_அக்கா | ஞாயிறு, இரவு 7:05

ஆறு முறை ஏற்றி இறக்கிய அந்தப் பெரியவருக்கு என் வணக்கம். முகவரி அனுப்புங்கள் தம்பி.

ஊத்தங்கரை_ஓட்டுநர் | ஞாயிறு, இரவு 7:40

வாஷர் போட்ட ஆளிடம் போய்க் கேட்டீர்களா?

காவேரிப்பட்டணம்_110 | ஞாயிறு, இரவு 7:52

கேட்கவில்லை. நான்கு வாஷரையும் ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் போகும்போது கொடுத்துவிட்டு வருவேன்.

தொப்பூர்_மேடு | ஞாயிறு, இரவு 9:15

இழைக்குப் புதியவன். எனக்கும் இதே வகை வண்டி, சேலம் போய்வர வேண்டியிருக்கிறது. தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடித்தால் பின்சக்கரம் கிறீச்சென்று வழுக்குகிறது. பிரேக் ஷூ மாற்றியும் அப்படியே. இதற்கும் காகிதம்தானா?

கடைசல்காரர் | ஞாயிறு, இரவு 9:33

இதற்கும் காகிதம்தான். பின்சக்கரத்தில் எடை இல்லாவிட்டால் எந்த ஷூ போட்டாலும் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். நாளை காலை அளந்து எழுதுங்கள், உட்கார்ந்த அளவும் சேர்த்து. அதுவரை அந்தக் கணவாயில் இறங்க வேண்டாம், பஸ்ஸில் போய் வாருங்கள்.